சிவப்புப் பூவுக்கு எந்தப் படிப்பு

"செவப்பு வந்திருக்குப்பா. செவப்புக்கு என்ன வச்ச?" என்று பூசாரி கேட்டது இன்றும் அப்படியே காதில் இருக்கிறது. அம்மன் காலடியில் இருந்த தட்டில், பூவரச இலையில் மடித்து வாழை நாரால் கட்டிய இரண்டு பொட்டலங்கள். ஒன்றைப் பிரித்தாகிவிட்டது, உள்ளே செவ்வரளி. பிரிக்காத இன்னொன்றில் வெள்ளரளி. ஒரு நிறம் பி.ஏ.வுக்கு, மற்றது பி.எஸ்ஸி.க்கு. எந்த நிறம் எதற்கு என்பது அப்பாவுக்கும் அம்மனுக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. பூசாரி, அம்மா, சித்தப்பா, நான் என்று நான்கு பேரும் அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். அன்று வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை காலையில் திண்டுக்கல் கல்லூரியில் எனக்குச் சேர்க்கை. அப்பா தட்டைப் பார்த்தார், அம்மனைப் பார்த்தார், தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு, "மறந்துபோச்சு" என்றார்.

கோபம் எனக்கு எத்தனையோ முறை வந்திருக்கிறது. கல்யாணமாகி, பிள்ளை பெற்று, இருபது வருடம் ஒரு நூற்பாலையில் வேலை பார்ப்பவளுக்குக் கோபம் வரக் காரணத்துக்கா பஞ்சம்? ஆனால் அந்த ஒரு சொல்லுக்கு வந்த கோபத்துக்குப் பக்கத்தில் வேறெதையும் வைக்க முடியாது. சாமியைக் கேட்பதாவது பரவாயில்லை. கேட்டுவிட்டு, சாமி பதிலும் சொன்ன பிறகு, கேள்வியை மறந்துவிட்டேன் என்று சொல்கிற ஒரு மனிதரை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். அவருக்கு மகளாகப் பிறந்து தொலைத்தேன்.

எரியோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஒரு காரியத்தைச் செய்வதா வேண்டாமா என்று மனது தடுமாறும்போது கோவிலில் பூக்கட்டிப் பார்ப்பது அந்தப் பக்கத்தில் எல்லோர் வீட்டிலும் உண்டு. இரண்டு நிறப் பூக்களைத் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி அம்மன் முன்னால் வைப்பார்கள். விஷயம் தெரியாத யாரையாவது கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். எடுத்ததில் என்ன பூ இருக்கிறதோ அதுதான் அம்மன் வாக்கு. மற்றவர்கள் எல்லோரும் பூசாரியிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுவார்கள்: வெள்ளை வந்தால் சம்பந்தம் பேசலாம், சிவப்பு வந்தால் வேண்டாம் என்று. அப்பா மட்டும் சொல்ல மாட்டார். வாயால் சொன்னால் அது மனிதர் காதுக்கும் போய்விடும், மனிதர் காதுக்குப் போனால் கையும் கண்ணும் சும்மா இருக்காது என்பது அவருடைய கட்சி. அதனால் கண்ணை மூடிக்கொண்டு மனதுக்குள்ளேயே சொல்லுவார். பூ வந்த பிறகுதான் மற்றவர்களுக்குத் தெரியும். பூசாரிக்கு இதில் ரொம்ப நாளாகவே மனத்தாங்கல்.

எதற்குத்தான் பூக்கட்டவில்லை அவர்! செவலைப் பசுவை வாங்குவதா, கருப்பு வெள்ளைப் பசுவை வாங்குவதா என்பதற்குக் கட்டினார். வீட்டுக்கு டிவி வேண்டுமா என்பதற்குக் கட்டினார். வேண்டாம் என்று வந்ததால் இரண்டு வருடம் நான் அடுத்த வீட்டுச் சன்னலில் தொங்கிக்கொண்டு பார்த்தேன். ஆழ்துளைக் கிணறு போட வடக்கு மூலையா கிழக்கு மூலையா என்று கட்டினார். வடக்கு என்று வந்தது. நானூறு அடிக்குப் புழுதிதான் பறந்தது. அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதபோது, "ஆத்தா அங்கன தோண்டச் சொன்னா. தண்ணி இருக்குன்னு எப்ப சொன்னா?" என்று கேட்டாரே ஒரு கேள்வி, அம்மாவுக்கு அழுகை நின்றுபோனது. "ஒங்கப்பன் ஒரு நாளைக்கு இன்னைக்கு என்ன வெஞ்சனம் வைக்கிறதுன்னு பூக்கட்டிப் பாக்கத்தான் போறாரு" என்று அம்மா அடிக்கடி சொல்வாள். அது வேடிக்கைக்குச் சொன்னது என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை.

என் படிப்புக்கு வருகிறேன். எனக்கு வரலாறு படிக்க ஆசை. அந்த ஆசை பள்ளிக்கூடத்தில் வந்ததில்லை. எங்கள் தெருவில் யாருக்காவது பழைய கிரயப் பத்திரத்தைப் படித்துச் சொல்ல ஆள் தேவைப்பட்டால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தக் கோணல் எழுத்தும், மூச்சு விடாமல் ஓடுகிற வாக்கியங்களும் எனக்கு எப்படியோ பிடிபட்டுவிட்டன. ஒருமுறை ஒரு பத்திரத்தில், நிலத்துக்குத் தெற்கெல்லையாக ஒரு கிணற்றைக் குறித்திருந்தது. அந்த இடத்தில் அப்படி ஒரு கிணறே கிடையாது என்று ஊரில் எல்லோரும் அடித்துச் சொன்னார்கள். நான் விடவில்லை. பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வண்டிப்பாதையிலிருந்து அடி வைத்து நடந்து, ஒரு சீமைக்கருவேலப் புதருக்கு முன்னால் போய் நின்றேன். அப்பாதான் அரிவாளோடு வந்து முள்ளை வெட்டிக் கொடுத்தார். உள்ளே, தூர்ந்துபோன கிணற்றின் கல் விளிம்பு அரை வட்டத்துக்குத் தெரிந்தது. நான் குதித்த குதியைப் பார்த்து அப்பா சிரித்துக்கொண்டே நின்றார். "தங்கம் கெடச்ச மாதிரில்ல ஆடுறவ!" என்றார். எனக்குத் தங்கம்தான்.

ஆனால் பத்தாவதில் கொஞ்சம் அதிக மார்க் வாங்கித் தொலைத்துவிட்டேன். நம் ஊர்களில் அது ஒரு குற்றம். மார்க் வாங்கியவர்களை ஆட்டுக்குட்டியைப் பட்டியில் அடைப்பதுபோல முதல் குரூப்பில் அடைத்துவிடுவார்கள். கணக்கு, பௌதிகம், வேதியியல் என்று இரண்டு வருடம் மூச்சு முட்டிக்கொண்டு படித்தேன். பன்னிரண்டாவதிலும் மார்க் வந்தது. கல்லூரி விண்ணப்பத்தில் பி.ஏ. வரலாறு, பி.எஸ்ஸி. பௌதிகம் இரண்டையும் எழுதிப் போட்டேன். இரண்டில் எது கேட்டாலும் கிடைக்கும் என்ற நிலைமை. அங்கேதான் சித்தப்பா நுழைந்தார்.

சித்தப்பா அப்பாவுக்கு நேர் இளையவர். திண்டுக்கல்லில் மின்சாமான் கடை வைத்திருந்தார். பத்தாவதை மூன்று முறை எழுதியவர் என்பதால் குடும்பத்தில் படிப்பு சம்பந்தமான எல்லா விஷயங்களுக்கும் அவர்தான் பொறுப்பு. "பி.ஏ.ங்கிறது ஒண்ணும் கெடைக்காதவன் படிக்கிறது" என்றார். "நாளைக்குக் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறோம். பேருக்குப் பின்னாடி பி.எஸ்ஸி.ன்னு இருந்தாத்தான் மாப்பிள்ளை வீட்டுக்காரன் கண்ணாடிய எடுத்து மாட்டிப் பாப்பான். பி.ஏ.ன்னா பத்திரிகைய அப்பிடியே ஜன்னல்ல சொருகிருவான்." இந்த ஒரு வாதத்தை அவர் வாரத்துக்கு இரண்டு முறை பஸ் ஏறி வந்து சொல்லிவிட்டுப் போனார். அம்மா பாதி நம்பிவிட்டாள். சித்தப்பாவை எதிர்த்துப் பேசும் வயது எனக்கு இல்லை. ஆனால் சித்தப்பா எவ்வளவு துள்ளினாலும் அண்ணன் ஒரு வார்த்தை சொன்னால் அடங்கிவிடுவார். அது அவருடைய நல்ல குணம், அதை மறைக்கக் கூடாது. ஆக எனக்கு வேண்டியிருந்தது அப்பாவின் ஒரே ஒரு வார்த்தை. "அவ இஷ்டப்பட்டதப் படிக்கட்டும்." அவ்வளவுதான். அதைச் சொல்ல எவ்வளவு நேரமாகும்?

மூன்று முறை கேட்டேன். முதல் முறை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "எனக்கென்ன தாயி தெரியும், எட்டாங்கிளாஸு படிச்சவன்" என்றார். இரண்டாவது முறை, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தபோது. "ஒஞ் சித்தப்பனும் ஒண்ணும் கெட்டது சொல்ல மாட்டான்ல" என்று இழுத்தார். மூன்றாவது முறை முருங்கைத் தோட்டத்தில். காய்களைக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். நான் முன்னால் போய் நின்று, "அப்பா, எனக்கு வரலாறு படிக்கத்தான் ஆசை. நீங்க சொன்னா சித்தப்பா கேப்பாரு. சொல்லுவீங்களா, மாட்டீங்களா?" என்று கேட்டேவிட்டேன். அவர் கட்டின கட்டை அவிழ்த்து மறுபடியும் கட்டினார். பிறகு, "வெள்ளிக்கெழம பூக்கட்டிப் பாத்துருவோம் தாயி" என்றார். அந்தக் கட்டிலிருந்து ஒரு முருங்கைக்காயை உருவி அவர் முதுகில் ஒன்று போட வேண்டும்போல இருந்தது. பெற்ற தகப்பன் என்பதால் அழுதுவிட்டு வந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை அவர் கண்ணை மூடி நின்ற நேரத்தில் ஒரு பானை சோறு வெந்திருக்கும். பூ எடுக்க ஆள் வேண்டும். கோவிலில் விளக்குப் போட வந்திருந்த வெளியூர் அம்மா ஒருவரைப் பூசாரி கூப்பிட்டார். அவர் பயபக்தியோடு இரண்டு பொட்டலங்களையும் பார்த்து, இடது பக்கத்துப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். பூசாரி பிரித்தார். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

"மறந்துபோச்சா? என்னய்யா மறந்துபோச்சு?" என்று பூசாரி கத்தினார். "முப்பது வருசமா பூக்கட்டிக் குடுக்கிறேன். பூ வரலைன்னு அழுதவன் இருக்கான், வந்த பூ புடிக்கலைன்னு சண்டைக்கு வந்தவன் இருக்கான். எதுக்கு எதுன்னு மறந்தவன் ஒருத்தன் கெடையாது. இதுக்குத்தான்யா வாய்விட்டுச் சொல்லுன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன்!" சித்தப்பா, "அண்ணே, செத்த நேரம் நல்லா யோசிச்சுப் பாருண்ணே" என்று தோளைப் பிடித்து உலுக்கினார். அப்பா கண்ணை மூடி யோசித்தார். "செவப்பு சயின்சுன்னுதான் நெனச்சேன்… இல்ல, கடேசில மாத்திக்கிட்டேனா… நடுவுல மாட்டுக்கும் வேண்டிக்கிட்டேன், அதுல கொழம்பிப் போச்சு" என்றார். விளக்குப் போட வந்த அம்மா, "நான் எதுவும் தப்பா எடுத்துட்டனாய்யா?" என்று கேட்டுக் கண் கலங்கினார். மறுபடியும் கட்டிப் பார்ப்போம் என்றாள் அம்மா. அம்மன் ஒருமுறை சொன்ன விஷயத்தை ஒரு மண்டலம் கழியாமல் திருப்பிக் கேட்கக் கூடாது என்று பூசாரி மறுத்துவிட்டார். நாற்பத்தெட்டு நாள். எனக்கு இருந்தது மூன்று நாள்.

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. டீக்கடையில் அப்பாவுக்குச் "செவப்பா வெள்ளையா" என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயர் அவரை விட்டுப் போகவே இல்லை. பிற்பாடு என் கல்யாணத்தில்கூடப் பந்தியில் யாரோ, "சாம்பாரா ரசமா, மறந்துறாம சொல்லுங்க" என்று அவரைக் கேலி செய்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே சாம்பார் என்றார். இத்தனைக்கும் அவர் மறதிக்காரர் இல்லை. எந்த ஆடு எந்த மழைக்கு முந்தின நாள் குட்டி போட்டது என்பது வரைக்கும் சொல்வார். சித்தப்பா சிறு வயதில் திருடித் தின்ற மாங்காய்க்கு இன்ன மரம் என்று அடையாளம் சொல்வார். அப்படிப்பட்டவர் என் விஷயத்தில் மட்டும் மறந்தார் என்றால், என் படிப்பு அவருக்கு மாட்டைவிடக் கீழாகப் போய்விட்டது என்றுதானே அர்த்தம்? மூன்று நாளும் நான் அவரோடு பேசவில்லை.

திங்கட்கிழமை அப்பாவும் நானும் பஸ்ஸில் போனோம். திண்டுக்கல் போய்ச் சேரும்வரை ஒரு வார்த்தை கிடையாது. கல்லூரி வாசலில், சான்றிதழ்கள் இருந்த மஞ்சள் பையை என் கையில் கொடுத்து, "உள்ள நீ மட்டும் போ தாயி. நான் வெளிய நிக்கிறேன்" என்றார். மற்ற பெண்களோடு அப்பாவோ அண்ணனோ உள்ளே வந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் மட்டும் தனியாக. இதிலுமா கைகழுவுவார் ஒரு மனிதர் என்று பொருமிக்கொண்டே வரிசையில் நின்றேன்.

மேசைக்குப் பின்னால் மூன்று பேராசிரியைகள். நடுவில் இருந்தவர் என் மார்க் பட்டியலைப் பார்த்துவிட்டு, "ரெண்டும் இருக்கும்மா. ஹிஸ்டரியா, ஃபிசிக்ஸா?" என்று கேட்டார். வரலாறு என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அப்போது சன்னல் வழியாக அப்பா தெரிந்தார். வேப்பமரத்தடியில் மற்ற ஆட்களோடு சேராமல், துண்டைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு, வாசலையே பார்த்து நின்றுகொண்டிருந்தார். நான் வரலாறு எடுத்தால் என்ன ஆகும் என்பது எனக்கு அந்த நிமிடத்தில் முழுதாகத் தெரிந்தது. நாளைக்கு எனக்கு வேலை கிடைக்காவிட்டாலும், வரன் தள்ளிப் போனாலும், காய்ச்சல் வந்து படுத்தாலும்கூட, "அன்னைக்கு நீ மறந்ததுனாலதாண்ணே" என்று சித்தப்பா ஆரம்பிப்பார். அம்மாவும் சேர்ந்துகொள்வாள். ஊர் ஏற்கெனவே பெயர் வைத்துவிட்டது. சாகிறவரை அந்த மனிதரை அதைச் சொல்லியே கொன்றுவிடுவார்கள். அவர்மேல் எனக்கு இருந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அவரை வேறு யாரும் ஏசுவதை என்னால் பொறுக்க முடியாது. "ஃபிசிக்ஸ்" என்றேன்.

வெளியே வந்ததும், "என்ன எடுத்த தாயி?" என்று கேட்டார். சொன்னேன். அப்படியே நின்றுவிட்டார். பிறகு எரியோட்டுத் திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது. ஆக இவருக்கும் சயின்ஸ்தான் வேண்டியிருந்திருக்கிறது, அதை வாயைத் திறந்து சொல்லக்கூட வக்கில்லாமல் சாமி தலையில் கட்டப் பார்த்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பஸ் நிலையத்தில் பன்னும் காப்பியும் வாங்கிக் கொடுத்தார். அந்தப் பன்னைத் துப்பாத குறையாகத்தான் தின்றேன்.

பி.எஸ்ஸி. படித்ததால் நான் கெட்டுப்போகவில்லை. அதையும் சொல்ல வேண்டும். சுமாராகப் படித்துத் தேறினேன். வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில், நூலின் தரம் பார்க்கிற பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. நூலின் கனம், முறுக்கு, எவ்வளவு இழுத்தால் அறுகிறது என்று பார்த்துப் பார்த்துச் சொல்கிற வேலை. பிழைப்பு நடந்தது. சித்தப்பா சொன்னதுபோலப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் பி.எஸ்ஸி. அடித்தார்கள். மாப்பிள்ளை வீட்டில் யாரும் கண்ணாடி எடுத்து மாட்டியதாகத் தெரியவில்லை. ஆனாலும் யாராவது ஒரு பழைய பத்திரத்தைக் கொண்டுவந்தால் இன்றைக்கும் எனக்குச் சாப்பாடு இறங்காது. அதைப் படித்து முடித்த பிறகு ஒரு நாள் முழுக்க எரிச்சலாக இருக்கும்.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அப்பா பூக்கட்டவே இல்லை. மறதிக்கு வெட்கப்பட்டு விட்டுவிட்டார் என்று ஊர் சொன்னது. நானும் அப்படித்தான் நினைத்தேன். எதை விதைப்பது, எந்த மாட்டை விற்பது, எல்லாவற்றையும் அவரே தீர்மானித்தார். ராத்திரியெல்லாம் தூங்காமல் புரண்டு தீர்மானித்தார் என்று அம்மா சொல்வாள். பாதி தப்பாகப் போனது. எனக்கு வரன் வந்தபோது அம்மா, "இதுக்காச்சும் பூக்கட்டிப் பாருங்க" என்று கெஞ்சினாள். அப்பா மாட்டேன் என்றுவிட்டார். "பையன் எலையில எதுவும் மிச்சம் வைக்காம சாப்பிட்டான். போதும்" என்றார். என் வாழ்க்கையை அவர் முடிவு செய்த லட்சணம் இது. பையன் இன்றுவரை இலையில் மிச்சம் வைப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது எங்கள் வீடு திண்டுக்கல் நாகல் நகரில். மகள் இந்த வருடம் பன்னிரண்டாவது முடித்தாள். அவளுக்குப் பி.எஸ்ஸி. பௌதிகம் படிக்க வேண்டுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பி.ஏ. வரலாறு எடு, அருமையான படிப்பு, நான் சொல்கிறேன் என்று மூன்று வாரம் மன்றாடினேன். "உங்களுக்குப் புடிச்சா நீங்க போய்ப் படிங்கம்மா" என்கிறாள். எங்கள் சண்டை போனில் அம்மா காதுக்குப் போய், அம்மா அப்பாவை அனுப்பிவைத்தாள். எழுபது தாண்டியவர், ஒரு கட்டு முருங்கைக்காயோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். விண்ணப்பம் போட மறுநாள்தான் கடைசி நாள். மகள் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாள்.

"நீங்களாவது சொல்லுங்கப்பா அவகிட்ட" என்றேன். "நான் என்ன தாயி சொல்லப்போறேன்" என்றார். அதே பாட்டு. எனக்குப் பொறுக்கவில்லை. "அப்ப ஊருக்குப் போயிப் பூக்கட்டிப் பாத்துட்டு வாங்க. இந்தத் தடவையாவது எதுக்கு எதுன்னு எழுதி வச்சுக்கங்க" என்று குத்தலாகவே சொன்னேன்.

அப்பா முருங்கைக்காய்க் கட்டை அவிழ்த்துக்கொண்டே, "நான் கேக்கக் கூடாது தாயி. ஆத்தாகிட்டயே பொய் சொன்னவனுக்கு அவ எப்பிடி வாக்குக் குடுப்பா?" என்றார். என்ன பொய் என்று கேட்டேன். காப்பி வேண்டுமா என்று கேட்டதற்குப் பதில் சொல்வதைப்போல, அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

"மறந்தேன்னு சொன்னது பொய்தான். செவப்பு சயின்சு, வெள்ளை நீ கேட்ட படிப்பு. வெள்ளை வரும்னு நம்பித்தான் போட்டேன். ஆத்தாளே சொல்லிட்டான்னா ஒஞ் சித்தப்பன் வாயத் தொறக்க மாட்டான்ல? செவப்பு வந்துருச்சு. வாக்கு இதுன்னு சொல்லிட்டா அப்பறம் ஒன்னைய யாரும் விட மாட்டாங்க. அந்தக் கெணத்து விளிம்பப் பாத்துக் குதிச்சியே, அது கண்ணுக்குள்ள வந்துச்சு. அதான், மறந்துட்டேன்னுட்டேன். தனியாப் போனா நீயா புடிச்சத எடுத்துக்குவன்னுதான் வெளியவே நின்னேன்." அவர் முகத்தில் இருபத்து மூன்று வருடத்து வியப்பு அப்படியே இருந்தது. "ஆனா நீ என்ன பண்ணுன? நேராப் போயி அவ சொன்னதையே எடுத்துட்டு வந்து நிக்கிற! எனக்கு ஒடம்பெல்லாம் ஆடிப்போச்சு தாயி. நான் ஏமாத்துனா அவ விட்டுருவாளா?"

உட்கார்ந்துவிட்டேன். இந்த மனிதர் ஊரெல்லாம் கேலி பேசக் கேட்டுக்கொண்டு, பந்தியில் சிரித்துக்கொண்டு, தனக்கு ஒரே துணையாக இருந்த பூக்கட்டலையும் விட்டுவிட்டு, பாதித் தப்பாகத் தீர்மானம் செய்து காலம் தள்ளியிருக்கிறார். எனக்காக. அந்த விஷயத்தை என்னிடம் சொல்ல மட்டும் அவருக்கு இருபத்து மூன்று வருடமாக நேரமில்லை. இதற்கு நான் அழுவதா, சுவரில் முட்டிக்கொள்வதா? "ஒங்கள யாரும் ஏசக் கூடாதுன்னுதாம்ப்பா நான் ஃபிசிக்ஸ் எடுத்தேன்! ஆத்தா சொல்லி இல்ல. நீங்க மறந்துட்டீங்கன்னு நெனச்சு எடுத்தேன்!" என்று கத்தினேன்.

முருங்கைக்காய் அவர் கையிலேயே நின்றது. பயந்துபோனேன், இந்த வயதில் சொல்லியிருக்கக் கூடாதோ என்று. "எனக்காகவா எடுத்த?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "ஒரு வார்த்தை என்கிட்டக் கேட்டிருக்கலாமே தாயி" என்றார்.

"மூணு தடவ கேட்டேம்ப்பா! சாப்புடுறப்பக் கேட்டேன், மாட்டுக்கிட்டக் கேட்டேன், தோட்டத்துல வந்து கேட்டேன்!"

"கேட்ட. எனக்குத்தான் சொல்லத் தெரியல" என்றார். அவர் என்னைப் பார்க்கவில்லை. "சொல்லத் தெரிஞ்சிருந்தா நான் எதுக்குத் தாயி மறக்கிறேன்?"

அதற்கு மேல் அவரோடு என்ன பேசுவது? கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். அவருக்குச் சொல்லத் தெரியாமல் போனது எனக்காவது தெரியட்டும் என்று உள்ளறைக் கதவைத் திறந்தேன். மகள் கட்டிலில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, "உனக்குப் பிடிச்சதையே எடு. நான் சொல்றேன். பௌதிகமே படி" என்றேன். பதினேழு வயதில் நான் ஏங்கிக் கிடந்த வார்த்தை கடைசியில் என் வாயிலிருந்தே வந்தது.

அவள் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அது நேத்தே போட்டுட்டேன்மா" என்றாள்.